ஊட்டுவதற்கு முன் ஒரு நிமிடம்



சாப்பிடும்போது புரைக்கேறினால் உச்சந்தலையில் மெல்லத் தட்டி, "ஆரோ நினைக்கினம்" என்று சொல்வது எங்கள் வீடுகளில் வழக்கம். சில ஊர்களில் இதையே பிரக்கடித்தல் என்பார்கள். இரண்டு தரம் இருமினால் சரியாகிவிடும். சுகதேகிக்கு அதில் பயமில்லை. ஆனால் படுக்கையில் இருக்கும் ஒருவருக்கு ஒவ்வொரு வாய்க்கும் புரைக்கேறுகிறது என்றால் அதை அப்படி விட்டுவிட முடியாது. உணவு வழிதவறிச் சுவாசக் குழாய்க்குள் போகிறது என்று உடல் தரும் எச்சரிக்கை அது.

இந்த மாதம் இதைப்பற்றி எழுதத் தூண்டியவர் வன்னியிலிருந்து வந்த ஒரு சகோதரி. பெயர் வேண்டாம். அவருடைய கணவருக்கு 2009 இல் தலையில் ஷெல் துண்டு பட்டது. அன்றிலிருந்து வலிப்புக்கு மாத்திரை எடுக்கிறார். பிறகு சலரோகமும் இரத்த அழுத்தமும் சேர்ந்தன. ஒரு நாள் காலையில் வலது கையும் காலும் இழுத்து, வாய் கோணி, பேச்சுக் குழறிவிட்டது. பாரிசவாதம் என்று சொல்லி, ஊர் வைத்தியசாலையிலிருந்து கொழும்பு வைத்தியசாலை ஒன்றுக்கு அனுப்பினார்கள்.

சகோதரி கொட்டாஞ்சேனையில் உறவினர் வீட்டில் தங்கி, விடியவே எழும்பிக் கஞ்சி காய்ச்சிப் பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு பஸ் ஏறுவார். கணவரின் கட்டில் தலைமாட்டில் ஓர் அட்டை தொங்கியது. அதில் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஏதோ எழுதியிருந்தது. இவருக்கு இரண்டும் வாசிக்கத் தெரியாது. மூக்கால் குழாயும் போடப்படவில்லை, சாப்பாடும் கொடுக்கப்படவில்லை. "ரெண்டு நாளாப் பச்சைத் தண்ணிகூடக் குடிக்கேல்லை அக்கா. நான் என்னெண்டு பார்த்துக்கொண்டிருக்கிறது?" என்று என்னிடம் கேட்டார். யாரும் பார்க்காத நேரம் பார்த்து, படுத்திருந்தவரின் வாயில் ஏழெட்டுக் கரண்டி கஞ்சி ஊற்றியிருக்கிறார். கணவர் இருமவில்லை. "குடிச்சிட்டார்" என்று சந்தோசப்பட்டிருக்கிறார். அன்றிரவு காய்ச்சல் வந்தது. அடுத்த நாள் நெஞ்சில் சளி கட்டி மூச்சு வாங்கியது. ஒக்சிஜன் வைத்தார்கள். அந்த அட்டையில் எழுதியிருந்தது 'வாயால் ஒன்றும் கொடுக்க வேண்டாம்' என்று பிறகுதான் தமிழ் தெரிந்த ஒரு தாதி சொன்னார்.

"நான்தானே குடுத்தன்" என்று அவர் சொன்னபோது எனக்கும் உடனே பதில் வரவில்லை. 2009 இல் ஒரு கோப்பைக் கஞ்சிக்கு வரிசையில் நின்றவர் அவர். பிள்ளைகளை உயிரோடு கொண்டுவந்தது அந்தக் கஞ்சி. அப்படிப்பட்டவரிடம் "சாப்பாடு கொடுக்காதே" என்று ஓர் அட்டையைத் தொங்கவிட்டு, அதை அவருக்கு விளங்கும் மொழியில் சொல்லாமல் விட்டது அவர் பிழையல்ல. ஆனால் இன்னொரு சகோதரிக்கு இது நடக்கக்கூடாது. அதற்காகவே இந்தப் பக்கம்.

விழுங்குதல் எப்படி நடக்கிறது?

மூச்சுப் போகும் வழியும் சாப்பாடு போகும் வழியும் தொண்டையில் ஒரே இடத்தில்தான் பிரிகின்றன. முன்னால் இருப்பது சுவாசக் குழாய், பின்னால் இருப்பது உணவுக் குழாய். நாம் விழுங்கும்போது ஏறக்குறைய ஒரு வினாடிக்கு மூச்சு நிற்கிறது. குரல்வளை மேலே எழும்புகிறது, அதன் வாசலை ஒரு மூடி மூடுகிறது, குரல் நாண்கள் இறுகிக்கொள்கின்றன, உணவுக் குழாயின் வாய் திறக்கிறது. உங்கள் விரலைத் தொண்டை மேட்டில் வைத்து எச்சிலை விழுங்கிப் பாருங்கள். அது மேலே ஏறி இறங்குவது தெரியும். பல சோடித் தசைகளும் மூளையிலிருந்து வரும் ஐந்தாறு நரம்புகளும் சேர்ந்து செய்கிற வேலை இது. ஒரு நாளில் நூற்றுக்கணக்கான தடவை நினைக்காமலே செய்கிறோம்.

பாரிசவாதம் வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு முதல் நாட்களில் இந்த வேலை குழம்பிவிடுகிறது. 2005 இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, பாரிசவாதத்துடன் விழுங்கல் கோளாறும் இருப்பவர்களுக்கு நியூமோனியா வரும் ஆபத்து ஏறத்தாழ மூன்று மடங்கு என்று காட்டியது. ஆறுதலான விடயம், பலருக்கு முதல் இரண்டு வாரங்களுக்குள்ளேயே விழுங்கல் நன்றாகத் திரும்பிவிடுகிறது. இந்த இரண்டு வாரத்தைப் பத்திரமாகக் கடத்துவதே பெரிய காரியம்.

நோய்கள் ஒன்றோடொன்று சேரும்போது

எங்கள் பக்கத்து நோயாளிகளுக்குப் பெரும்பாலும் ஒரு வருத்தத்தோடு நிற்பதில்லை. பழைய காயம், புதிய நோய், கைநிறைய மாத்திரை எல்லாம் சேர்ந்தே இருக்கும். ஒவ்வொன்றும் விழுங்கலைத் தன் பங்குக்குக் கெடுக்கும்.

தலைக்காயமும் வலிப்பு மாத்திரையும் உள்ளவர் அரைத் தூக்கத்தில் இருப்பார். வாயில் வைத்த உணவை மறந்துவிடுவார். நெடுநாள் இளைப்பு உள்ளவருக்கு ஒரு வினாடி மூச்சை நிறுத்துவதே கஷ்டம். விழுங்கி முடிக்குமுன் மூச்சை உள்ளே இழுத்துவிடுவார், உணவும் கூடவே போகும். பல நாள் தொண்டைக்குள் குழாய் போட்டு இயந்திரத்தில் மூச்சு விட்டவருக்கு, குழாயை எடுத்த பின்னும் தொண்டை மரத்திருக்கும். கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்தவர்கள் இன்னும் கவனம். அந்தக் குழாயிலுள்ள சிறு பலூன் ஊதியிருந்தால் உணவு நெஞ்சுக்குள் போகாது என்று பலர் நம்புகிறார்கள். அது சரியல்ல. அலர்ஜி மாத்திரையும் வேறு சில மாத்திரைகளும் வாயைக் காயவைக்கும். காய்ந்த வாயில் சோறு உருளாது.

சலரோகம் உள்ளவர் பற்றி ஒரு விடயத்தைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். விழுங்க முடியாமல் சாப்பாடு குறைந்திருக்கும்போது வழமைபோல் இன்சுலின் போட்டால் சீனி கடுமையாக இறங்கிவிடும். "இன்று சாப்பிடவில்லை" என்பதை ஊசி போடுவதற்கு முன்னரே சொல்லிவிடுங்கள். சீனி இறங்கி மயங்கிக் கிடப்பவரின் வாயில் சீனித் தண்ணீர் ஊற்றவே கூடாது.

கண்ணால் பிடிக்கக்கூடிய அடையாளங்கள்

வைத்தியர் நோயாளியைப் பார்ப்பது சில நிமிடம். நீங்கள் பார்ப்பது மூன்று வேளையும். ஆகவே பரிசோதனையின் பாதி உங்கள் கண்ணில் இருக்கிறது. இவற்றைக் கவனியுங்கள்:

சாப்பிடும்போதோ முடிந்த சிறிது நேரத்திலோ இருமல், செருமல். விழுங்கிய பின் குரல் தொண்டையில் தண்ணீர் நிற்பதுபோல் களகளப்பது. ஒரு வாயை விழுங்க இரண்டு மூன்று தரம் முயல்வது. கண்ணில் நீர் வருவது. மூக்கால் உணவு வருவது. வலுவிழந்த பக்கத்துக் கன்னத்துக்குள் உணவு தங்கியிருப்பது. எச்சில் ஒழுகுவது. ஒரு நேரச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலத்துக்கு மேல் எடுப்பது. உடுப்புத் தளரும்படி மெலிவது. அடிக்கடி காரணம் தெரியாத காய்ச்சல்.

இவற்றுள் இருமலை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். தொண்டை மரத்துப்போனவருக்கு உணவு சுவாசக் குழாய்க்குள் போனாலும் இருமல் வராது. அந்தச் சகோதரியின் கணவருக்கு நடந்திருக்கக்கூடியதும் அதுதான். இருமவில்லை என்பதால் விழுங்கிவிட்டார் என்று எடுத்துக்கொள்ள முடியாது. வயதானவர்களுக்கு நியூமோனியா வந்தாலும் சிலவேளை காய்ச்சல் காயாது. வழமையைவிடச் சோர்வு, மூச்சு வேகம், தடுமாற்றம் இவைதான் தெரியும்.

ஒரு சிறிய கொப்பி வைத்திருங்கள். திகதி, என்ன கொடுத்தீர்கள், எவ்வளவு நேரம் எடுத்தது, இருமல் வந்ததா, குரல் எப்படி இருந்தது, காய்ச்சல் உண்டா என்று ஏழு நாள் எழுதிக் கிளினிக்கில் காட்டுங்கள். பத்து நிமிடம் பேசுவதைவிட அது கூடச் சொல்லும்.

வைத்தியசாலையில் என்ன செய்வார்கள்?

பொரளையைச் சுற்றித்தான் எத்தனை வைத்தியசாலைகள்! 1895 இல் தொடங்கிய லேடி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலையும் காசல் வீதி மகளிர் வைத்தியசாலையும் இங்கேயே இருக்கின்றன. வார்ட் பிளேஸ் வழியே போனால், சற்றுத் தூரத்தில் 1864 இல் தொடங்கிய தேசிய வைத்தியசாலை. வடக்கு கிழக்கிலிருந்து கடிதத்துடன் வருபவர்களில் பலர் இங்கேதான் வந்து சேர்கிறார்கள். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ தங்கி, கையில் சாப்பாட்டுப் பையுடன் வாசலில் காத்திருக்கும் பெண்களை எந்த நாளும் காணலாம்.

விழுங்கலைச் சோதிப்பவர் பேச்சு மொழிச் சிகிச்சையாளர். பெயரைக் கேட்டுப் பேச்சுப் பழக்குபவர் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். பேசுவதற்கும் விழுங்குவதற்கும் அதே நாக்கும் தொண்டையும்தானே. இலங்கையில் இதற்கான படிப்பு 1990களின் பிற்பகுதியில் களனிப் பல்கலைக்கழகத்தின் றாகம மருத்துவ பீடத்தில் டிப்ளோமாவாகத் தொடங்கி, பின்னர் பட்டப்படிப்பாக வளர்ந்தது.

முதலில் நோயாளி விழிப்பாக இருக்கிறாரா, தன் எச்சிலை விழுங்குகிறாரா என்று பார்ப்பார்கள். பிறகு ஒரு தேக்கரண்டி தண்ணீர். அது சரியென்றால் கூடுதலாக. 90 மில்லிலீற்றர் தண்ணீரை நிறுத்தாமல் குடிக்கச் செய்து, இருமலும் குரல் மாற்றமும் வருகிறதா என்று பார்க்கும் சோதனை ஒன்று 1992 இலிருந்து பாரிசவாத நோயாளிகளிடம் பயன்படுகிறது. இதை வீட்டில் நீங்களாகச் செய்து பார்க்க வேண்டாம்.

வெளியிலிருந்து பார்த்து முடிவெடுக்க இயலாதபோது இரண்டு வழி உண்டு. ஒன்று, பேரியம் கலந்த உணவை விழுங்கச் செய்து எக்ஸ்ரேயில் அதன் ஓட்டத்தைப் பார்ப்பது. அமெரிக்காவின் ஜெரி லோக்மன் என்ற பெண் இந்த முறையை வளர்த்து, 1983 இல் விழுங்கல் கோளாறுகள் பற்றிய முக்கியமான நூலொன்றையும் எழுதினார். மற்றது, மூக்கு வழியாக மெல்லிய கமெராக் குழாயை விட்டுத் தொண்டையை நேரே பார்ப்பது. 1988 இல் இதை விவரித்தவர் சூசன் லாங்மோர், இவரும் ஒரு பெண். இந்த வசதிகள் எல்லா வைத்தியசாலையிலும் இல்லை. இல்லாத இடத்தில் கட்டிலருகே செய்யும் சோதனையும் உங்கள் கொப்பியுமே துணை.

அட்டையில் 'என்.பி.எம்.' என்று ஆங்கில எழுத்துகள் இருந்தால் வாயால் தண்ணீர்கூடக் கொடுக்கக்கூடாது என்று பொருள். விளங்காவிட்டால் வெட்கப்படாமல் கேளுங்கள். தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. தமிழ் தெரிந்தவர் அருகில் இல்லாத நேரத்துக்கு இந்தச் சிங்கள வசனங்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்:

"கட்டின் தென்ன புளுவன்த?" - வாயால் கொடுக்கலாமா?
"கிலின்ன அமாருய்" - விழுங்கக் கஷ்டமாக இருக்கிறது.
"கன கொட்ட கெஸ்ஸ எனவா" - சாப்பிடும்போது இருமல் வருகிறது.
"கதன சிகித்சக" - பேச்சுச் சிகிச்சையாளர்.

முதலாவது வசனம்தான் முக்கியம். முதல் வாய் கொடுப்பதற்கு முன் அதைக் கேட்க வேண்டும். "இல்லை" என்று சொன்னால், "அப்படியென்றால் எந்த வழியால் சாப்பாடு போகும்? எப்போது திரும்பச் சோதிப்பீர்கள்?" என்று கேளுங்கள். வாயை மூடினால் இன்னொரு வழியைத் திறக்கவேண்டும். அதைக் கேட்பது உங்கள் உரிமை.

ஊட்டும் கையின் வேலை

லாங்மோரும் அவருடன் வேலை செய்தவர்களும் 189 முதியவர்களை நான்கு வருடம் வரை கவனித்து 1998 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். யாருக்கு நியூமோனியா வருகிறது? விழுங்கல் கோளாறு உள்ள எல்லோருக்கும் அல்ல. தன் கையால் சாப்பிட முடியாமல் இன்னொருவர் ஊட்டிவிட வேண்டியவருக்கு, வாயைத் தானே சுத்தம் செய்ய முடியாதவருக்கு, சூத்தைப் பல் கூடியவருக்கு, பல நோயும் பல மாத்திரையும் உள்ளவருக்கு, புகைப்பவருக்கு, குழாயால் உணவு போகிறவருக்கு. இதில் முதலாவதையும் இரண்டாவதையும் கவனியுங்கள். இரண்டும் ஊட்டுகிறவரின் கையில் இருப்பவை. அவசரமான கை ஆபத்தைக் கூட்டும், பொறுமையான கை குறைக்கும்.

வாயைச் சுத்தம் செய்யுங்கள். இதை முதலில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. சுவாசக் குழாய்க்குள் போவது உணவு மட்டுமல்ல, வாயிலுள்ள கிருமியும்தான். ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டு வருடம் செய்து 2002 இல் வெளியிட்ட ஆய்வில், ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பின்னும் பல் துலக்கிவிடப்பட்டவர்களில் 100க்கு 11 பேருக்கே நியூமோனியா வந்தது. அப்படிச் செய்யப்படாதவர்களில் 100க்கு 19 பேருக்கு வந்தது. ஒரு மென்மையான பிரஷ், கொஞ்சம் தண்ணீர், ஐந்து நிமிடம். பல் இல்லாதவருக்கு ஈரத் துணியால் முரசையும் நாக்கையும் துடையுங்கள். பொய்ப்பல்லைக் கழற்றிக் கழுவுங்கள். குழாயால் உணவு போகிறவருக்கும் இது வேண்டும். "வாயால் சாப்பிடவில்லையே" என்று விட்டால் அந்த வாய்தான் கெதியாகக் கெடும்.

விழித்திருக்கும்போது மட்டும் ஊட்டுங்கள். கூப்பிட்டால் கண் திறந்து பார்க்காதவருக்கு ஒரு கரண்டியும் வேண்டாம். நேரம் போனால் போகட்டும்.

நிமிர்த்தி இருத்துங்கள். கதிரையில் இருத்தினால் நல்லது. கட்டில் என்றால் முதுகுக்குத் தலையணை வைத்து நேராக. தலை பின்னால் சாய்ந்தால் தொண்டை திறந்து உணவு தவறான வழியில் இறங்கும். சாப்பிட்ட பின்னும் அரை மணித்தியாலம் இருக்கட்டும், உடனே சரிக்காதீர்கள்.

நீங்களும் இருங்கள். நின்றுகொண்டு ஊட்டினால் அவர் அண்ணாந்து பார்ப்பார். கண்ணுக்கு நேரே இருந்து, தேக்கரண்டியால் அரைக் கரண்டி, வலுவான பக்கத்துக் கன்னத்தில் வையுங்கள். தொண்டை மேடு ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கிய பின் இன்னொரு தரம் வெறுவாயை விழுங்கச் சொல்லுங்கள். இடைக்கிடை "ஆ" என்று சொல்லவைத்துக் குரலைக் கேளுங்கள். வாய் காலியான பிறகே அடுத்த கரண்டி. உணவு தங்கினால் தண்ணீர் ஊற்றித் தள்ளாதீர்கள். ரீவியை நிறுத்துங்கள். அரை மணித்தியாலத்தில் களைத்துவிட்டால் நிறுத்தி, மூன்று நேரத்தை ஆறாகப் பிரித்துக் கொடுங்கள்.

அவருடைய கை கொஞ்சம் அசைந்தாலும் கரண்டியை அவர் கையில் கொடுத்து, உங்கள் கையை அடியில் பிடியுங்கள். தன் கை வாய்க்கு வரும்போது மூளையும் விழுங்கத் தயாராகிறது.

நாடியை நெஞ்சை நோக்கித் தாழ்த்துவது, தலையை ஒரு பக்கம் திருப்புவது போன்ற முறைகள் சிலருக்கு உதவும், சிலருக்குத் தீங்கும் செய்யும். சிகிச்சையாளர் சோதித்துச் சொன்னால் மட்டும் செய்யுங்கள்.

எங்கள் சமையலில் எது?

தண்ணீர்தான் மிக இலகு என்று நினைக்கிறோம். விழுங்கல் கோளாறு உள்ளவருக்குத் தண்ணீர்தான் பெரும்பாலும் மிகக் கடினம். அது வேகமாக ஓடும், தொண்டை மூடுமுன் போய்விடும். அதனால் சிலருக்குத் திரவங்களைத் தடிப்பாக்கச் சொல்வார்கள். எவ்வளவு தடிப்பு என்பதைச் சர்வதேச முறையொன்று 0 முதல் 7 வரையான படிகளாக வகுத்திருக்கிறது. வீட்டில் அளக்க ஒரு 10 மில்லிலீற்றர் சிரிஞ்ச் போதும். 0 முதல் 10 வரையான அளவுக்கோடு 61.5 மில்லிமீற்றர் நீளமுள்ளதாக இருக்கவேண்டும். ஊசியையும் தள்ளுதண்டையும் எடுத்துவிட்டு, நுனியை விரலால் அடைத்து 10 வரை நிரப்பி, விரலை எடுத்துப் பத்து வினாடி ஓடவிட்டு மீண்டும் அடையுங்கள். ஒன்றும் மிஞ்சாவிட்டால் அது தண்ணீர் போன்றது. 1 முதல் 4 வரை மிஞ்சினால் முதலாம் படி, 4 முதல் 8 வரை இரண்டாம் படி, 8க்கு மேல் மூன்றாம் படி. ஒரு துளியும் வடியாமல் கரண்டியில் உருவம் குலையாமல் நின்றால் நான்காம் படி. சிகிச்சையாளர் எந்தப் படி என்று சொன்னாரோ அதற்கே காய்ச்சுங்கள். தேவையில்லாமல் தடிப்பாக்கினால் நோயாளி குடிப்பதைக் குறைத்துவிடுவார், உடல் வறண்டு சிறுநீரும் குறையும்.

கஞ்சியில் ஒரு சூட்சுமம் உண்டு. எச்சில் மாப்பொருளைக் கரைக்கும். வாயில் வைத்த கரண்டியைத் திரும்பத் திரும்பக் கோப்பைக்குள் விட்டால், தடிப்பாக இருந்த கஞ்சி கொஞ்ச நேரத்தில் தண்ணீராகிவிடும். கோப்பையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வேறு ஏதனத்தில் எடுத்து ஊட்டுங்கள்.

புட்டு உதிரும், வேண்டாம். பாண் வாயில் களியாகி ஒட்டும், மூச்சை அடைக்கும். சொதி விட்ட இடியப்பத்தில் நீர் முதலில் ஓடிவிடும், இடியப்பம் பின்தங்கும். அதுபோலத்தான் தண்ணிக் குழம்பு விட்ட சோறும். முருங்கைக்காய் நார், கீரைத் தண்டு, மீன் முள், கச்சான், முறுக்கு எல்லாம் தள்ளி வையுங்கள். ஐஸ்கிறீமும் வாயில் தண்ணீராகிவிடும் என்பதை மறக்கவேண்டாம்.

குழைய அவித்துப் பருப்போடு மசித்த சோறு, பூசணிக்காய் மசியல், முள் நீக்கிக் குழம்போடு பிசைந்த மீன், கட்டியான தயிர், மசித்த வாழைப்பழம், பப்பாசிப்பழம், கட்டியில்லாமல் காய்ச்சிய குரக்கன் கூழ் இவை பெரும்பாலும் இலகு. குறைவாகச் சாப்பிடுகிறவருக்கு ஒவ்வொரு கரண்டியும் சத்தாக இருக்கவேண்டும். மசியலில் கொஞ்சம் தேங்காய்ப்பால், முட்டை, பால்மா சேருங்கள். சலரோகக்காரருக்கு அளவை வைத்தியரிடம் கேளுங்கள்.

மாத்திரைகளை நீங்களாகத் தூளாக்காதீர்கள். மெல்ல மெல்லக் கரையும்படி செய்த மாத்திரையைத் தூளாக்கினால் முழு மருந்தும் ஒரேயடியாக உடலில் சேரும். மருந்தாளரிடம் கேட்டால் பாணியாகவோ வேறு விதமாகவோ மாற்றித் தரமுடியுமா என்று சொல்வார்.

பிள்ளைகள்

பிறவியிலேயே மூளை பாதித்த பிள்ளைகளை வளர்க்கும் தாய்மாருக்கும் இவையெல்லாம் பொருந்தும். மடியில் மல்லாத்திக் கிடத்தி, அழும்போது வாயில் ஊற்றும் பழக்கம் எங்களிடம் உண்டு. அதை இன்றோடு விட்டுவிடுங்கள். தலையும் முதுகும் நேராக, பிள்ளை அமைதியாக இருக்கும்போது ஊட்டுங்கள். அடிக்கடி சளியும் எடைக் குறைவும் இருந்தால் "இந்தப் பிள்ளை இப்படித்தான்" என்று விடாமல் விழுங்கலைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

குழாய் போட்டால்

மூக்கால் குழாய் போடுவது தோல்வியல்ல. தொண்டை தேறும்வரை அது ஒரு தற்காலிகப் பாலம். குழாயில் மூக்கருகே போட்ட அடையாளம் இடம் மாறியிருந்தால் உணவு விடாதீர்கள். கழன்றால் நீங்களாகத் திரும்பத் தள்ளாதீர்கள். தலைப்பக்கத்தை உயர்த்தி, மெதுவாக விட்டு, கடைசியில் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவுங்கள். குழாய் இருந்தாலும் எச்சிலும் வயிற்றிலிருந்து மேலெழுவதும் நெஞ்சுக்குள் போகலாம்.

மறதி நோய் முற்றிய முதியவரின் கதை வேறு. அவர்களுக்குக் குழாய் போடுவதைவிட, கையால் கவனமாக, அவர் விரும்பும் அளவு மட்டும் ஊட்டுவதே நல்லது என்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2014 இல் அறிவுறுத்தியது. அம்மா வாயைத் திருப்பிக்கொண்டால் அது உங்களை வெறுப்பதல்ல. உடல் போதும் என்கிறது. வற்புறுத்தாமல் உதட்டை நனைத்து, கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருப்பதும் பராமரிப்புத்தான்.

மூச்சு அடைத்தால்

இருமுகிறவரை இருமவிடுங்கள். முதுகில் தட்ட வேண்டாம், தண்ணீரும் கொடுக்க வேண்டாம். சத்தமே வராமல் முகம் நீலம் பூத்தால் முன்னால் குனியவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடியால் ஐந்து தரம் பலமாக அடியுங்கள். வெளியே வராவிட்டால் பின்னால் நின்று, தொப்புளுக்குச் சற்று மேலே கையைப் பொத்திப் பிடித்து உள்ளும் மேலுமாக ஐந்து தரம் அழுத்துங்கள். இரண்டையும் மாறி மாறிச் செய்யுங்கள். கர்ப்பிணிக்கும் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் வயிற்றை அழுத்தக்கூடாது, நெஞ்சில் அழுத்த வேண்டும். பக்கத்தில் நிற்பவரை 1990 க்கு அழைக்கச் சொல்லுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

கடைசியாக உங்களைப் பற்றி. பிளாஸ்கோடு அலையும் பெண்களில் எத்தனை பேர் காலையில் சாப்பிட்டிருப்பார்கள்? பசியோடும் நித்திரை இல்லாமலும் இருக்கும் கை அவசரப்படும். நீங்கள் முதலில் சாப்பிடுங்கள். அதையும் மருந்துச் சீட்டில் எழுதியதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சகோதரியின் கணவர் நியூமோனியாவிலிருந்து தேறிவிட்டார். சில வாரம் குழாய், பிறகு கரண்டி. இப்போது ஊரில் கதிரையில் நிமிர்ந்திருந்து, மசித்த சோறு சாப்பிடுகிறாராம். தண்ணீருக்கு இன்னும் கவனம் வேண்டும். "இப்ப நான் ஒரு கரண்டி குடுத்திட்டு அவற்ற தொண்டையைப் பார்த்துக்கொண்டிருப்பன் அக்கா. இறங்கினாப் பிறகுதான் அடுத்த கரண்டி" என்று தொலைபேசியில் சொன்னார். கஞ்சியும் காய்ச்சுகிறார். சிரிஞ்சால் அளந்துதான்.

இன்று யாருக்காவது ஊட்டப்போகிறீர்கள் என்றால், கரண்டியைத் தூக்குமுன் ஒரு நிமிடம் பாருங்கள்: விழித்திருக்கிறாரா, நிமிர்ந்திருக்கிறாரா, வாய் சுத்தமா, வாயால் கொடுக்கலாம் என்று சொன்னார்களா? நான்குக்கும் "ஓம்" என்றால் ஆறுதலாக ஊட்டுங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.